வெள்ளி பதினோரு மணி, கட்டம் 24

தி.நகர்,
12-6-73, செவ்வாய், மாலை 4.35
(ராகு காலம் கழிந்து)

போர் நடுவரும் என் மனைவியின் கூடப்பிறந்தவருமான மைத்துனர் கனகராஜ் அவர்களுக்கு, தணிகாசலம் ரோட்டிலிருந்து அத்தான் பொன்ராஜ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் ஜவுளிக்கடையும் சுகம். உம் அக்கா சுந்தரவல்லி சுகமில்லை, அது உமக்கே தெரியும். பெசன்ட் நகரில் உம் வீட்டார் எல்லாருக்கும் செந்தூர் முருகன் துணை.

நிற்க. மாப்பிள்ளை, பட்டணத்து மேப்பில் கட்டம் போட்டு, ஆளுக்கொரு நாடு கொடுத்து, தபால் கார்டிலேயே சண்டை போடலாம் என்று நீர் சித்திரையில் ஆரம்பித்தபோது நான் சந்தோஷமாகத்தான் சேர்ந்தேன். எனக்கு தி.நகர், ரகுபதிக்கு மயிலாப்பூர், ராஜரத்தினத்துக்கு அசோக் நகர். பாலவாக்கம் யாருக்கு என்று கேட்டால் 'ரகசிய நாடு அத்தான்' என்று சிரித்தீர். எதிரி ஏவுகணை விட்டால் இந்தக் கட்டம், இந்தக் கிழமை, இத்தனை மணி என்று நீர் எனக்கு ராடார் கார்டு போட வேண்டியது; நான் பதில் கார்டு போட்டால் என் தடுப்பு ஏவுகணை ஒன்று அதே நேரத்துக்குக் கிளம்பி அதை வானத்திலேயே முறித்துவிடும். ஆறு கொடுத்தீர். ஆறும் மடிப்புக் கலையாத வேட்டி மாதிரி அப்படியே இருக்கிறது. ஏன்? பாலவாக்கத்திலிருந்து வருவதெல்லாம் ராகு காலத்தில் வருகிறது வேய்! ராகு காலத்தில் நான் ஒரு புதுப் பீஸைக்கூடப் பிரித்ததில்லை, ஏவுகணையையா கிளப்புவேன்? போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கேதான் வினை. முதல் கார்டு, திங்கள் எட்டு மணி, குடோன் கட்டம். ஆட்டத்தில் குடோன் போயிற்று. அதே திங்கள் எட்டு மணிக்கு நிஜக் குடோனில் ஃபேன் அறுந்து விழுந்தது! கீழே பெருக்கிக்கொண்டிருந்த புஷ்பம் ஒரு அடி நகர்ந்ததால் பிழைத்தாள், விளக்குமாறு இரண்டாச்சு. அடுத்த கார்டு, புதன் பன்னிரண்டரை, கடை. கடையில் பல்பெல்லாம் வாசலிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாக, யாரோ நடந்துகொண்டே ஊதி அணைக்கிற மாதிரி அணைந்தது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரைக்கூட விட்டுவிட்டு ஓடிவிட்டான். அதற்கப்புறம் வியாழன் இரண்டு மணி, வீட்டுக் கிணறு. வாளி போட்டால் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கிறது, மேலே வருகிறபோது வாளி காய்ந்து வருகிறது. "கோடையில கிணறு வத்தாம என்ன செய்யும் அண்ணாச்சி?" என்கிறார் ராஜரத்தினம். வத்தின கிணற்றில் சத்தம் எப்படி வரும், நீரே சொல்லும்!

ரகுபதிதான் பாலவாக்கமோ என்று மயிலாப்பூருக்கே போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "ஓய், பஞ்சாங்கம் பாக்காம எங்காத்துல தும்மறதுகூடக் கெடையாது. நான் ராகு காலத்துல ஏவுகணை விடுவேனா?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று உம் கார்டு வந்தது. வெள்ளி பதினோரு மணி, கட்டம் 24. மேப்பை விரித்தால், நர்ஸிங் ஹோம். வெள்ளி பதினோரு மணிக்குத்தான் அங்கே உம் அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்! பன்னிரண்டே காலுக்கு மாற்றச் சொல்லி டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். "முகூர்த்தம் பாக்க இது என்ன கல்யாண மண்டபமா?" என்கிறார். முப்பத்தோரு வருஷமாக அவள் கையால் சாப்பிட்ட உடம்பு இது. அவள் இல்லாமல் எனக்கு எந்த டப்பாவில் உப்பு இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆகவே நடுவர் என்ற முறையில் அந்த ஏவுகணையைப் பன்னிரண்டே காலுக்குத் தள்ளி வையும். ஒன்றேகால் மணி நேரம்தான் கேட்கிறேன். நல்ல நேரத்தில் ஒன்றைக் கிளப்பி அதைத் தூள் பண்ணிவிடுகிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லாருக்கும் நீண்ட ஆயுசை ஆண்டவன் தரட்டும்.

இப்படிக்கு,
உம் அத்தான்,
செ. பொன்ராஜ்

பி.கு.: ஒட்டப்போகும்போது உம் அக்கா வாங்கிப் படித்தாள். சிரிப்பாள் என்று பார்த்தால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாலவாக்கம் நான்தாங்க. ராகு காலத்துல கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பியன்னு எனக்குத் தெரியாதா, வெளையாட்டுக்குத்தான் செஞ்சேன். மொதக் கார்டு மட்டும்தான் நான் தம்பிக்குப் போட்டது. ஃபேன் விழுந்ததும் பயந்துபோய் நிறுத்திட்டேன். மத்ததெல்லாம் தம்பியே ஆடுதான்னு நெனச்சேன்" என்கிறாள். ஆடியது நீராக இருந்தால் உடனே ஒரு கார்டு போடும், திட்ட மாட்டேன், சத்தியம். நீர் இல்லை, பாலவாக்கத்திலிருந்து உமக்கும் கார்டுதான் வந்தது என்றால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடும். நேரத்தை மாற்ற வேண்டாம். ராகு காலமாவது மண்ணாவது! வெள்ளி பதினோரு மணி, கட்டம் 24, ஆறையும் கிளப்பும். ஏழாவதாக ஒன்று கிடைக்குமா என்று உம் அக்கா கேட்கச் சொல்கிறாள்.