மச்சான் கண்ணில் படாத வண்டி

மொஞ்சி பிரேக்கைத்தான் மிதித்தார். பிரேக் அசையவில்லை. காலுக்கடியில் இருந்த தரைத் தகடுதான் பொத்துக்கொண்டு, வலது கால் முழங்கால் வரை வண்டிக்குக் கீழே இறங்கிவிட்டது.

"வஸீலா! ஏய் வஸீலா! சீக்கிரம் வா!"

மாவுக் கையோடு முற்றத்துக்கு ஓடிவந்த வஸீலா, வண்டிக்கு அடியில் புருஷனின் செருப்பு மட்டும் தனியாக ஆடுவதைப் பார்த்தாள்.

"என்னங்க இது, பாதி உள்ள, பாதி வெளிய?"

"சத்தம் போடாத. சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்கண்ணன் இருக்கான்."

"இருக்கட்டுமே. கூப்பிட்டா ஒரு நிமிஷத்துல தூக்கிவிடுவாரு."

"அவன் தூக்கி நான் எழுந்திருக்கறதா? அதுக்கு இப்படியே இருந்து வேர் விட்டுடறேன்."

வேர் விடுவதற்குள் வஸீலாவே ஆலிவ் எண்ணெய் தடவி உருவிவிட்டாள். காலில் தோல் போனதைப் பற்றி மொஞ்சி கவலைப்படவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது, வண்டியிலோ தரை இல்லை. அதுதான் அவருடைய கவலை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் வஸீலாவின் சீர் இந்த பிக்கப்பில்தான் வந்தது. கட்டில், மெத்தை, கம்பளிகள், செம்புப் பாத்திரங்கள், அதற்கெல்லாம் மேலே கொட்டுக்காரனும் நாயனக்காரனும். மஹ்தியா ஊரே தெருவில் நின்று பார்த்தது. இப்போது மகள் ரஹ்மாவின் சீர், பக்கத்து ஊரான கஸூர் எஸ்ஸாஃபுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா மீன் வியாபாரி. நல்ல மனுஷர்தான். "எங்க லாரியை அனுப்பறோம், நீங்க ஏன் கஷ்டப்படறீங்க?" என்றார். மகளின் மெத்தை மத்தி மீன் வாடையோடு போவதை மொஞ்சியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"அவ அம்மா வந்த வண்டியிலதான் அவளும் போவா" என்று நிச்சயதார்த்த விருந்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

உடனே வஸீலாவின் அண்ணன் கிலானி எழுந்தார். அவரிடமும் அதே மாதிரி, அதே வருஷத்து பிக்கப் ஒன்று, அதே அளவுக்குத் துருப்பிடித்து நின்றது. "பொண்ணுக்குத் தாய்மாமன் நான் இருக்கேன். சீர் என் வண்டியிலதான் போகும், மாப்ள."

"பெத்தவன் நான் உயிரோட இருக்கேன், மச்சான்."

கூஸ்கூஸ் ஆறி, மேலே இருந்த ஆட்டுக்கொழுப்பு உறைந்த பிறகும் சண்டை ஆறவில்லை. கடைசியில் வஸீலாதான் கரண்டியைத் தட்டித் தீர்ப்புச் சொன்னாள். "எந்த வண்டி அரசாங்கப் பரிசோதனையில பாஸாகுதோ, அதுல போகட்டும். ரெண்டும் பாஸாகலன்னா மீன் லாரி. அவ்வளவுதான்."

அன்றைக்கே இரண்டு வீட்டு முற்றத்திலும் வண்டிகள் தார்ப்பாய்க்குள் போய்விட்டன. கண்ணேறு என்றால் மஹ்தியாக்காரர்கள் விளையாட மாட்டார்கள். பாதியில் இருக்கும் வேலையை ஒருவன் பார்த்து, "அடடே, நல்லா வருதே" என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாம் நாசம். கண் படாமலிருக்க மொஞ்சி வண்டியின் முகப்பில் காய்ந்த மீன் வால் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கமும் அப்படி ஒன்று தொங்கத்தான் செய்திருக்கும். யாராவது கேட்டால் வண்டியைப் பற்றிப் புலம்ப வேண்டும். அதுதான் மரியாதை, அதுதான் பாதுகாப்பும்.

காபிக் கடையில் கிலானியும் மொஞ்சியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"வண்டி எப்படி இருக்கு, மாப்ள?"

"எந்த வண்டி? அதுவா? செத்துப்போச்சு மச்சான். கோழி அடைச்சு வெச்சிருக்கேன். உங்களுது?"

"என்னத்தச் சொல்ல! அடியில தக்காளி நட்டுட்டேன். சேசிஸுக்கு நடுவுல நல்லா வருது."

"அடப் பாவமே!"

"அடப் பாவமே!"

இருவரும் ஒருவர் துக்கத்தை ஒருவர் ரசித்துக்கொண்டு, சர்க்கரை தூக்கலாக இன்னொரு காபி குடித்தார்கள்.

வீட்டுக்கு வந்த மொஞ்சி, ஐந்து லிட்டர் எண்ணெய் டின் இரண்டைப் பிளந்து தட்டையாக்கி, ஓட்டைக்கு மேல் வைத்து அடித்தார். காசு செலவில்லாத வேலை. மூன்றாவது அடியில் ஓட்டை இரண்டாயிற்று. நாலு தெரு தள்ளி ஓர் ஆளிடம் வெல்டிங் மெஷினை இரவல் வாங்கிவந்து பற்றவைத்தார். தரையோடு கதவோரம், கதவோரத்தோடு முன்கண்ணாடிச் சட்டம் என்று, கேபின் மொத்தமும் ஊறவைத்த பிஸ்கட்டாக உதிர்ந்தது.

இனி பூபக்கர்தான் கதி.

பூபக்கரின் காயலான் கடை ஊருக்கு வெளியே, ஆலிவ் தோப்பு முடிகிற இடத்தில் இருந்தது. அவனிடம் ஒரு முறை உண்டு. பழசைக் கொடுத்து, கொஞ்சம் குறைவான பழசை வாங்கிக்கொள்ளலாம். மேலே கொஞ்சம் தினார் வைத்தால் போதும். எந்தச் சாமான் யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் சொல்ல மாட்டான். எல்லாவற்றுக்கும் ரெட் ஆக்சைடு என்ற சிவப்புப் பூச்சைப் பூசிவிடுவான், அடையாளமே தெரியாது.

"கேக்காதீங்க, மொஞ்சி அண்ணே. கொடுத்தவன் கண்ணு உங்க மேல படும், உங்க கண்ணு அவன் மேல படும். நடுவுல என் கடை எரியும்."

"கேக்கல, கேக்கல. என் பேரையும் எவன்கிட்டயும் சொல்லிடாத. முக்கியமா ஒரு ஆளு இருக்கான்..."

"அண்ணே, நான் எம் பொண்டாட்டி பேரையே வெளிய சொல்றதில்ல."

தார்ப்பாய் போட்டு மூடிய கழுதை வண்டியில் சிவப்பு கேபின் ஒன்று வந்தது. அதே வண்டியில் மொஞ்சியின் கேபின் போனது. மொஞ்சி புதுசைத் தட்டிப் பார்த்தார். 'டங்' என்றது. அங்கங்கே துருதான், ஆனால் கெட்டி.

"இதைப் போய் ஒருத்தன் வித்திருக்கான் பாரு, அடி முட்டாள்" என்றார் வஸீலாவிடம். "என்னோடதை எவன் தலையில கட்டப் போறானோ, அவன் அதைவிடப் பெரிய முட்டாள்."

இப்போதெல்லாம் அண்ணன் வீட்டுக்குப் போனால் வஸீலாவை முன்கூடத்தைத் தாண்ட விடுவதில்லை. இங்கே தன் வீட்டிலேயே துணி காயப்போட அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து தன்னைப் பைத்தியமாக்காமல் விட மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

கெட்டியான கேபினுக்குக் கனமும் அதிகம். அதை இறக்கி உட்கார வைத்ததும் கீழே வண்டியைத் தாங்கும் சேசிஸ் சட்டம் 'நரக்' என்றது. குனிந்து பார்த்தால், இடப்பக்கத்து இரும்பு விரல் நுழைகிற அளவுக்கு விரிந்திருந்தது.

மறுபடி பூபக்கர். மறுபடி கழுதை. சிவப்பு சேசிஸ் ஒன்று வந்தது; விரிசல் விட்டது போனது. சின்ன வளைவு இருந்தது, சுத்தியலால் மூன்று நாள் அடித்து நேராக்கினார். அவர் அடிக்கிறபோதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ அடித்தார்கள். இவர் நிறுத்தினால் அதுவும் நின்றது.

"தக்காளிச் செடிக்குப் பந்தல் போடறாரு போல" என்றாள் ரஹ்மா.

"சிரிக்காதம்மா. நேத்து சேசிஸைக் கொஞ்சம் உயர்வா நினைச்சேன், உடனே முதுகு பிடிச்சுக்கிச்சு."

புது சேசிஸில் பழைய எஞ்சினை ஏற்றினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நாலு தடவை இருமியது, ஐந்தாவது தடவை வயிற்றிலிருந்ததையெல்லாம் வெளியே தள்ளியது. கறுப்புப் புகை விலகியபோது, கொடியில் காய்ந்துகொண்டிருந்த சீர் விரிப்புகள் பன்னிரண்டும் கரிமூட்டைச் சாக்காக இருந்தன. எல்லாம் வஸீலா இரண்டு வருஷம் உட்கார்ந்து பூப்போட்டவை.

வஸீலா ஒவ்வொரு விரிப்பாக எடுத்து மடித்துத் தொட்டியில் போட்டாள்.

"மீன் லாரிக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்றாள்.

"அப்பா, லாரியே வரட்டும்பா" என்றாள் ரஹ்மா. "நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"நீ நினைக்க மாட்ட. நான் நினைப்பேன். உங்கம்மா இந்த வண்டியிலதான் வந்தா. நீயும் இதுலதான் போவ."

"இதுலன்னா எதுலப்பா? கேபின் மாறிடுச்சு, சேசிஸ் மாறிடுச்சு. நாளைக்கு எஞ்சினும் மாறும். அம்மா வந்த வண்டியில இன்னும் என்னதான் மிச்சம் இருக்கு?"

மொஞ்சி வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பின் தொட்டி போன வாரமே சேசிஸோடு சேர்ந்து போயிருந்தது. "ஸ்டியரிங் இருக்கு. ஹாரன் இருக்கு. நம்பர் பலகை இருக்கு" என்றார். அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. துரு போக்க ஆரம்பித்து, வண்டியையே போக்கிவிட்டோமோ என்று முதல் தடவையாகப் பயந்தார்.

ஆனாலும் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலையிலேயே எஞ்சினும் மாறியது. பூபக்கர் கொடுத்ததைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கழுவின மண்ணெண்ணெயை வடிகட்டி மறுபடி கழுவி, காஸ்கெட்டுக்குப் பழைய காலண்டர் அட்டையை வெட்டிப் போட்டுப் பார்த்து, அது எரிந்ததும் நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டார். பதினெட்டாம் நாள் எஞ்சின் சுருதி சுத்தமாகப் பாடியது. நீல பெயிண்டை வாயிற்கதவுக்கு அடிக்கிற பிரஷ்ஷாலேயே இரண்டு கை அடித்தார். வஸீலா சுற்றி வந்து பார்த்தாள்.

"நல்லா..." என்று ஆரம்பித்தாள்.

"மீனு! மீனு!" என்று பதறி, கண்ணேறைத் தடுக்கக் கை ஐந்து விரலையும் அவள் முகத்துக்கு நேரே விரித்தார். "சொல்லாத! முடிச்சிடாத!"

"...நல்லா கேவலமா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

"அப்படிச் சொல்லு. அல்லாஹ் உன்னை நல்லா வெக்கட்டும்."

பரிசோதனைக்கு அவர் குறித்து வைத்திருந்த திங்கட்கிழமை வந்தது. புதன்கிழமை சீர். கிலானி விடிந்ததுமே கிளம்பிவிட்டதாக வஸீலா சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லையாம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் எஞ்சின் சத்தம் போனதை மொஞ்சியும் கேட்டார். தக்காளித் தோட்டம் ஓடுகிறதே என்று மீன் வாலை இன்னும் இறுக்கிக் கட்டினார். ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்தார்.

பரிசோதனை நிலையத்தில் நீலக் கோட்டுப் போட்ட இளம்பெண் அதிகாரி, கையில் டார்ச்சும் அட்டையுமாக நின்றாள். பிரேக் பார்த்தாள். பிடித்தது. விளக்கு பார்த்தாள். எரிந்தது. புகையை மெஷினில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். மொஞ்சி உள்ளுக்குள் ஓதிக்கொண்டே இருந்தார்.

அவள் குழியில் இறங்கி, சேசிஸைச் சுரண்டி ஏதோ வாசித்தாள். மேலே வந்து எஞ்சினைத் துடைத்து வாசித்தாள். கேபின் கதவுக்குள்ளே இருந்த தகட்டை வாசித்தாள். வண்டிப் புத்தகத்தைப் புரட்டினாள். அவள் புருவம் மேலே போகப் போக மொஞ்சியின் இதயம் கீழே போயிற்று.

"பெரியவரே, இது யாரு வண்டி?"

"என்னுதும்மா. முப்பது வருஷமா."

"சேசிஸ் நம்பர் உங்க புத்தகத்துல இல்ல. எஞ்சின் நம்பரும் இல்ல. கேபின் தகடும் இல்ல. நம்பர் பலகை மட்டும்தான் உங்களுது."

மொஞ்சி வண்டியின் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"திருட்டு வண்டி இல்லம்மா, சத்தியமா! துண்டு துண்டா வாங்கினது. ஒவ்வொண்ணா மாறிப்போச்சு. என் பொண்ணுக்குப் புதன்கிழமை சீர். அவ அம்மா வந்த வண்டியில அனுப்பறேன்னு ஊரறியச் சொல்லிட்டேன். நானே என் கையால அந்த வண்டியைப் பிரிச்சுப் பிரிச்சுக் காயலான் கடையில போட்டுட்டேனே!" வயசான மனுஷர், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது இப்ப எங்க எந்த முட்டாள்கிட்ட கிடக்குதோ!"

அந்தப் பெண் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

"அழாதீங்க பெரியவரே, உங்க வண்டி காலையில எட்டு மணிக்கே வந்து எல்லாத்துலயும் பாஸாயிடுச்சு, அதை ஓட்டிட்டு வந்த கிலானிங்கறவரு, அவரு பேர்ல இருக்கற இந்த வண்டிக்காக அதோ அந்த மரத்தடியில காத்துட்டு இருக்காரு, போய்ச் சாவியை மாத்திக்குங்க!"