சின்னவர் பங்குக்கு ஒரு பொட்டி

மாணிக்கராஜ் எழுந்தான். பல் துலக்கினான். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, கொஞ்சத்தில் காபி போட்டான், மீதியைத் தயிருக்கு உறை ஊற்றினான். மனைவி பியூலா இறந்த பிறகு வீட்டில் தயிர்தான் அதிகம். நேற்றைய தயிரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினான். சட்டை போட்டான். பைக்கை எடுத்தான். விருதுநகரிலிருந்து எம். புதுப்பட்டி வரை எதையும் யோசிக்காமல் ஓட்டினான். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் படுக்கையை விட்டே எழுவதில்லை. அதனால் இந்தக் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு வேண்டும்.

பட்டாசுக் கம்பெனி கேட்டிலேயே போன் அடித்தது. பெரிய முதலாளி சீனிச்சாமி.

"ஏலே மாணிக்கம், எங்கன இருக்க?"

"கேட்ல நிக்கிறேன் அண்ணாச்சி."

"லாரி லோடு ஏத்தி நிக்குது. பில்லு வரமாட்டேங்குது. என் கம்ப்யூட்டரு என்ன, விரதம் இருக்கா?"

பில் இல்லாமல் பட்டாசு லோடு கேட்டைத் தாண்ட முடியாது. தீபாவளி சீசன் வேறு.

சீனிச்சாமியும் தம்பி மாரிக்கண்ணனும் கம்பெனியைப் பிரித்துக்கொண்டபோது ஆபீஸ் நடுவே சுவர் எழுப்பினார்கள். சுவர் ஒரு ஜன்னலைச் சரிபாதியாக வெட்டியது. ஆளுக்கொரு தண்ணீர்க் கேன், ஆளுக்கொரு பிள்ளையார் படம், ஆளுக்கொரு பில் பிரின்டர். மாணிக்கராஜ் மட்டும் பொது. அதிலும் முற்பகல் பெரியவர் பக்கம்தான் டீ குடிக்க வேண்டும், பிற்பகல் சின்னவர் பக்கம்.

பில் போட ஆளுக்கொரு சர்வர் கம்ப்யூட்டர் கேட்டார்கள். சீசனுக்கு முன் ஒன்றுதான் வந்து சேர்ந்தது. மாணிக்கராஜ் அதில் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளைப் போட்டு, அதற்குள் இரண்டு கம்ப்யூட்டர்களை உண்டாக்கினான். இரண்டும் நிஜமில்லை. அது அவற்றுக்கே தெரியாது. "முப்பத்திரண்டு ஜிபி மெமரி மொத்தமும் உனக்குத்தான்" என்று ஹைப்பர்வைசர் ஒன்றிடம் சொல்லும். மற்றதிடமும் அதையே சொல்லும். இருப்பதே முப்பத்திரண்டுதான். ஒன்று சும்மா கிடக்கும்போது மற்றது அதை எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்காதவரை பொய் நிற்கும்.

அண்ணாச்சிகளுக்கும் தெரியாது. பொதுவாக இருந்த ஜெனரேட்டரைச் சரிபாதியாக அறுக்கச் சொல்லி வெல்டரைக் கூப்பிட்டவர்கள் அவர்கள். சர்வர் ஒன்றுதான் என்று தெரிந்தால் அன்றைக்கே அவனுக்கு வேலை போய்விடும்.

இன்று இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டன.

மாணிக்கராஜ் சர்வர் அறைக்குள் போய்ப் பலூனை ஊதினான். பலூன் என்பது சின்னவரின் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன நிரல். அது உப்பிக்கொண்டு மெமரியை அடைக்கும். ஏதோ முக்கியமான வேலை நடக்கிறது என்று அந்தக் கம்ப்யூட்டரும் விட்டுக்கொடுக்கும். அடைத்த இடத்தை ஹைப்பர்வைசர் பெரியவருக்குக் கொடுத்தது. பெரியவர் பில் வெளியே வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் மேசை அதிர்ந்தது.

"மாணிக்கம்! என்னலே, என் கம்ப்யூட்டரு செத்த பாம்பு மாதிரி கெடக்கு!"

"பாக்கிறேன் அண்ணாச்சி."

"அண்ணன் பக்கம் பில்லு அடிக்கிற சத்தம் கேக்குதே? அங்கன ஓடுது, இங்கன ஓடலையா?"

இடம் பற்றாமல் சின்னவர் கம்ப்யூட்டர் தன் மெமரியில் இருந்ததைத் தூக்கி, ஆமை வேகத்தில் ஓடும் டிஸ்கில் போட்டுக்கொண்டிருந்தது. மாணிக்கராஜ் பலூனைச் சுருக்கினான். எதை டிஸ்கில் போடுவது என்பதை ஹைப்பர்வைசரின் பொறுப்பில் விட்டான்.

அது இன்னும் மோசம். ஹைப்பர்வைசர் ஒன்றை டிஸ்கில் போட்டுவைக்கும். விஷயம் தெரியாத சின்னவர் கம்ப்யூட்டர் அதையே தன் கணக்கில் டிஸ்கில் போட நினைக்கும். போடுவதற்கு முதலில் வெளியே எடுக்க வேண்டுமே. பரணில் கிடக்கும் அண்டாவை இறக்கித் துடைத்து, திரும்பவும் பரணில் ஏற்றுகிற வேலை. அதையே இரண்டு கம்ப்யூட்டரும் செய்தன. இப்போது இரண்டு பக்கமும் பில் வரவில்லை.

"அண்ணாச்சி, ஒரு தடவை அணைச்சுப் போடுறேன்."

"போடு. போட்டுத் தொலை" என்று சுவரின் இரண்டு பக்கமும் ஒரே பதில் வந்தது. பிரிந்த பிறகு அவர்கள் ஒத்துப்போனது அதில்தான்.

பிரின்டர், எடை மெஷின், எது கூப்பிட்டாலும் முதலில் ஹைப்பர்வைசரின் கதவைத்தான் தட்டும். செய்யும் வேலையை நிறுத்திவிட்டு, தட்டியது யாருடைய ஆள் என்று பார்த்து, அதுதான் உரியவரிடம் அனுப்பும். பிரின்டர்கள் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். அண்ணன் எதை வாங்கினாலும் தம்பியும் அதையே வாங்குவார். அணைத்துப் போட்டதும் ஹைப்பர்வைசருக்கு ஆள் அடையாளம் மாறிவிட்டது.

சின்னவரின் பில் பெரியவர் மேசையில் வந்து விழுந்தது.

சீனிச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பாட்னா பார்ட்டிக்கு இம்புட்டுக் கம்மி ரேட்டா? அது என் பார்ட்டில்லா!"

உடனே பாட்னாவுக்குப் போன் போட்டு அதைவிடக் குறைத்தார். அந்தப் புது பில் சின்னவர் மேசையில் விழுந்தது. அவர் அதற்கும் கீழே போனார். பாட்னாக்காரர் ஆளுக்கொரு காதாகக் கொடுத்துவிட்டு, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாணிக்கராஜ் பிரின்டர்களைச் சரிசெய்து முடித்தபோது அண்ணாச்சிகள் சர்வர் அறை வாசலில் நின்றார்கள்.

"என் பொட்டிய நான் பாக்கணும்" என்றார் சின்னவர்.

"ரெண்டு நிமிசம் அண்ணாச்சி. தூசியாக் கெடக்கு."

மாணிக்கராஜ் கதவைச் சாத்தினான். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரின் காலித் தகரப் பெட்டி கிடந்தது. ஆயுத பூஜைக்குக் கட்டிய சீரியல் லைட் செட்டைச் சுருட்டி அதற்குள் திணித்தான். பிளக்கைச் செருகினான். கதவைத் திறந்தான்.

"இது பெரியண்ணாச்சிது. இது உங்களுது."

மாரிக்கண்ணன் குனிந்து பார்த்தார். பெட்டியின் ஓட்டைகள் வழியாகச் சிவப்பும் பச்சையும் ஓடின. அவர் முகம் மலர்ந்தது.

"எப்படி வேலை பாக்குது பாத்தியாலே!"

சீனிச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா, எனக்கு மட்டும் கருகருன்னு ஒண்ணு. ஒத்த லைட்டுதான் எரியுது. அவனுக்குக் கோயில் கொடை மாதிரி மின்னுது. எனக்கு அதுதான் வேணும்."

"அதெல்லாம் தர முடியாது" என்றார் சின்னவர்.

"அப்ப ஒண்ணும் வேண்டாம். மாணிக்கம், சாப்பிட்டு வாரதுக்குள்ள என் பொட்டிய வயரோட கழட்டி வை. என் ரூமுக்குத் தூக்கிட்டுப் போறேன். இவன் பொட்டிக்கிட்ட இருந்தா என் பொட்டிக்கு ஆகாது."

இரண்டு பேரும் சாப்பிடப் போனார்கள்.

கழற்றினால் இரண்டு பக்கமும் நின்றுவிடும். சின்னவர் பெட்டி மட்டும் நிற்காமல் மின்னிக்கொண்டிருக்கும். பொய் வெளியே வந்துவிடும். நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வது என்று ஒரு தடவை யோசித்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

"என்ன தம்பி, சாப்பிடலையா?"

வாசலில் கற்பகவல்லி நின்றாள். பெரியவர் மனைவி. புருஷனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுக் காலிக் கூடையோடு திரும்புகிறாள்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. சொல்லிவிட்டான். அவள் சின்னவர் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள சீரியல் லைட்டுதான் கெடக்கு."

"ஆமாக்கா."

"ரெண்டு பேருக்கும் அந்த ஒண்ணுதானா ஓடுது?"

"ஆமாக்கா. தெரிஞ்சா என் வேலை போயிரும்."

கற்பகவல்லி மூடியைத் திரும்பப் பொருத்தினாள். அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி மேசையில் வைத்தாள்.

"கழட்டாதீக. இன்னைக்கு அஷ்டமி, எதையும் எடம் மாத்தக் கூடாதுன்னு அவுகட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நாளைக்கு?"

"நவமி."

"அதுக்கப்புறம் கண்டுபிடிச்சிட்டாகன்னா?"

கற்பகவல்லி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இவுகளா? செவரு எழுப்புன நாள்லருந்து ரெண்டு வீட்டுக்கும் என் அடுப்புலதான் சோறு. சின்னவுக வீட்டு அடுப்புக்கு இன்னும் பிளாஸ்டிக் கவரே பிரிக்கல."