ஆப்பு வைத்த பிக்கப்

தனலெட்சுமி பிக்கப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு மருமகனின் செருப்பைப் பார்த்தார்.

"ஒசரமா இருக்குங்க மாப்ள. ஏற முடியல."

அன்று செவ்வாய். ஏழரைக்குக் குளுவாங் டவுனில் டயாலிசிஸ். மணி ஏழாகிவிட்டது.

ஹேமநாதனுக்குக் கை பரபரத்தது. ஆனால் மாமியாரைத் தொட்டுத் தூக்க முடியுமா? அவன் வீட்டுக்குள் நுழைந்தாலே வீங்கிய காலோடு நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறவர் அவர். அவரைத் தூக்குவதைவிடப் பிக்கப்பைத் தூக்குவது அவனுக்குச் சுலபம்.

போன வாரம் வரை இந்தத் தொல்லை இல்லை. பிக்கப்பில் இருப்பது ஒரே ஒரு நீளச் சீட்டு. பின்னால் பம்புகளைப் போடும் தட்டு. மனைவி ரூபினி முதலில் ஏறி நடுவில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொள்வாள். இப்போது அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை. எல்லைக்குப் பக்கத்தில் கெலாங் பாத்தாவில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை மட்டும்தான் ரெங்கத்து வீட்டுக்கு வருகிறாள். செவ்வாய், வியாழன் டயாலிசிஸ் ஹேமநாதன் பாடு.

சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான்.

"ஆடுதுங்க மாப்ள."

செங்கல் அடுக்கினான்.

"சறுக்குமுங்க."

போனில் வாடகைக் கார் தேடினான். அந்த நேரத்தில் ரெங்கத்துக்கு வர யாருமில்லை. மணி எட்டரை ஆனதும் டயாலிசிஸ் நிலையத்து நர்ஸே கூப்பிட்டுவிட்டாள்.

"என்ன அண்ணே வெளையாடுறீங்களா? தண்ணி நெஞ்சுல கோத்துக்கும். இன்னொரு தடவை விடாதீங்க."

ஹேமநாதன் தோட்டங்களில் தண்ணீர் பம்பு பழுது பார்ப்பவன். எந்தக் கஷ்டத்தையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிற ரகம். ஆள் ஏற முடியவில்லையா, வண்டியை இறக்கு. நேராக மனோகரனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான்.

மனோகரன் ஊரில் பேர்போன போமன், வண்டி மெக்கானிக். அது நல்ல பேரா கெட்ட பேரா என்று ஊர் இன்னும் முடிவு செய்யவில்லை.

"பின்னால எறக்கிடலாம்ணே. இப்ப ஆக்ஸில் ஸ்பிரிங்குக்குக் கீழ கெடக்கு. மேல மாத்திட்டா அஞ்சு இஞ்சு போயிரும்."

"அவங்க முன்னாலதானே ஏறணும்?"

"வண்டி பின்னால உக்காந்தா முன்னால சும்மா இருக்குமா? அதுவும் கொஞ்சம் எறங்கும் லா."

புதன்கிழமை மாலை வண்டி பின்புறம் தரையில் உட்கார்ந்து, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வீடு வந்தது. வியாழன் காலை ஹேமநாதன் டேப் பிடித்து அளந்தே காட்டினான்.

"பாருங்க அத்த, படி ரெண்டு வெரக்கடை எறங்கியிருக்கு."

"அப்படிங்களா," என்றார் தனலெட்சுமி மரியாதையாக. "இன்னமும் ஒசரமாத்தாங்க இருக்கு."

அன்றும் போகவில்லை. கணுக்காலில் விரல் வைத்தால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்தே தூங்கினார். ஹேமநாதன் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

சனிக்கிழமை ரூபினி வந்தாள். ஒரே இழுப்பு. தனலெட்சுமி சீட்டில் இருந்தார்.

"பாத்தியா? எறக்குனது வேல செய்யுது!" என்றான் ஹேமநாதன்.

அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் வண்டி ஜுரம் வந்ததுபோல் உதறியது. காலடித் தகரம் தடதடவென்று அடித்தது. குளுவாங் போய்ச் சேரும் வரை தனலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார்.

"எங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சு, இந்த வண்டியக் கொளுத்திருவேன்," என்றாள் ரூபினி.

திங்கட்கிழமை மனோகரன் வண்டிக்கடியில் படுத்து, பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டில் கைப்பேசியை ஒட்டவைத்துக் கோணம் பார்த்தான்.

"கியர்பாக்ஸ் குனிஞ்ச அளவுக்குப் பின் ஆக்ஸில் நிமிரணும்ணே. ரெண்டும் சரிசமமா இருந்தா ஷாஃப்ட் பேசாம சுத்தும். இல்லன்னா ஒதறும். ஆப்பு வைக்கணும்."

"எனக்கா?"

"ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல. ரெண்டு இரும்பு ஆப்பு."

வைத்தான். செவ்வாய் விடியலில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய ஹேமநாதன் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. உதறல் இரண்டு மடங்காகி, பாதி வழியில் ஷாஃப்டை மாட்டும் யூ ஜாயிண்ட் உடைந்து, ஷாஃப்ட் தார் ரோட்டில் தீப்பொறி பறக்க இழுபட்டது.

மனோகரன் இழுவை வண்டியோடு வந்து குனிந்து பார்த்தான்.

"அலாமாக்! ஆப்பத் திருப்பி வச்சுட்டேன்ணே."

ஹேமநாதன் சாலையோரம் குந்தி உட்கார்ந்து அழுதான். மூன்றாவது டயாலிசிஸும் போயிற்று. ஒரு கிழவியை ஏற்றிப்போகத் தெரியாத கையாலாகாதவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். நர்ஸ் இந்த முறை திட்டக்கூட இல்லை.

"வியாழனும் விட்டீங்கன்னா இங்க வராதீங்க. நேரா எமர்ஜென்சிக்குப் போயிருங்க."

புதன் முழுக்க அவன் மனோகரனின் தலைமாட்டிலேயே நின்றான். ஆப்பு திரும்பியது. நடு பேரிங்குக்கு அடியில் தகடு வைத்து ஷாஃப்டை இறக்கினார்கள். முன் ஸ்பிரிங்கையும் வெட்டினார்கள். கோணம் மூன்று முறை அளக்கப்பட்டது.

"இப்பச் சரிசமம்," என்றான் மனோகரன்.

உண்மைதான். வியாழன் காலை வண்டி எண்பதிலும் முனகவில்லை. படி இப்போது முழங்காலுக்கும் கீழே. குழந்தைகூட ஏறிவிடும். ஹேமநாதன் சந்தோஷமாக ஹாரன் அடித்துக்கொண்டு வாசலில் நிறுத்தினான்.

கதவு திறந்து கிடந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

"அத்த!"

குளியலறையிலும் இல்லை, பின்கட்டிலும் இல்லை. அவருடைய துணிப்பையும் இல்லை. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டான். ரூபினியிடம் என்ன சொல்வது? ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கியது. வண்டிதான் நடுங்கவில்லை.

டயாலிசிஸ் நிலையத்தில் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று குளுவாங்குக்கு விரட்டினான். நிலையத்து வாசலில் செம்பனைக் குலைகளோடு ஒரு பெரிய லாரி நின்றது. பக்கத்து வீட்டுச் செல்லப்பனின் லாரி.

உள்ளே, கையில் குழாய் சொருகப்பட்டுச் சாய்ந்திருந்தார் தனலெட்சுமி. மருமகனைக் கண்டதும் குழாயோடு எழுந்து நிற்கப் பார்த்தார். நர்ஸ் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

ஹேமநாதன் வெளியே வந்து லாரியை அண்ணாந்து பார்த்தான். அதன் படியே அவன் இடுப்புக்கு இருந்தது. சீட்டு அவன் தலைக்கு மேலே. பக்கத்தில் செல்லப்பன் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்.

"இதுலயாண்ணே கூட்டிட்டு வந்தீங்க? எப்படி ஏறுனாங்க?"

"கம்பியப் புடிச்சாங்க, ரெண்டே எட்டு, ஏறிட்டாங்க," என்றார் செல்லப்பன்.

"எங்கிட்ட ஒசரமா இருக்குன்னாங்களே!"

செல்லப்பன் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, தரையோடு தரையாகக் கிடந்த பிக்கப்பை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒசரமாவது ஒண்ணாவது, தம்பி! மாப்ள பக்கத்துல சரிசமமா உக்காரத்தான் அக்காவுக்குக் கூச்சம். பின்னால தட்டுல உக்காரச் சொல்லியிருந்தா மொத நாளே ஏறியிருப்பேன்னு வழி பூரா அழுதுகிட்டே வந்தாங்க."