மூன்றாம் நம்பர் வயரிங் செட்டும் பின்சீட்டு மணியும்

தென்காசி,
17-5-1961

அன்பும் மரியாதையும் நிறைந்த முகம்மது மீரான் மாமா அவர்களுக்கு, தங்கை மகள் மெஹர் பானு எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே வாப்பா, உம்மா, நான் மூவரும் நலம். வாடகைக் கார் மட்டும் நலமில்லை. சென்னை வெயிலில் தாங்களும் மாமியும் எப்படி இருக்கிறீர்கள் என்று உம்மா கேட்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் பாரத்துக்குத் தேறிவிட்டேன்.

தாங்கள் அனுப்பிய வயரிங் கேட்லாக்கும், மூன்று செட்டுகளின் மாதிரித் துண்டுகளும் திங்கட்கிழமை கிடைத்தன. வாப்பாவுக்கும் மெக்கானிக் ஏசுவடியான் அண்ணாச்சிக்கும் இங்கிலீஷ் தெரியாததால் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. முப்பத்திரண்டு பக்கத்தையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். எங்கள் பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவான வசனம் கிடையாது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறம், ஒரு பெயர். எங்கே புறப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது, வழியில் எதைத் தொடக்கூடாது என்று எல்லாம் இருக்கிறது. போகிற கரண்டு திரும்பி வர இன்னொரு கம்பி வேண்டாமா என்று யோசித்தபடியே பக்கத்தைத் திருப்பினேன். வண்டியின் இரும்பு உடம்பே திரும்பி வரும் வழி என்று போட்டிருந்தது. இதை முதலில் நினைத்தவர் யாரோ, அவருக்கு என் மரியாதை.

பழைய வயரிங் எப்படிப் போயிற்று என்பதை வாப்பா தங்களுக்குச் சரியாக எழுதியிருக்க மாட்டார்கள். பழசாகிவிட்டது என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். நடந்தது என்னவென்றால், சென்ற வெள்ளிக்கு முந்திய வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஒரு வாடகைக்காக ஐந்தருவிக்குப் போன வாப்பா, மேட்டில் ஏறிய சூடு தணியட்டும் என்று பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் எஞ்சின்மேல் நாலு குரங்குகள் உட்கார்ந்து, பேன் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கம்பியாக எடுத்துப் பார்த்து, பிடிக்காததைக் கீழே போட்டுக்கொண்டிருந்தனவாம். எதுவுமே அவற்றுக்குப் பிடிக்கவில்லை. இருபத்துநாலு வயதான துணி சுற்றிய கம்பி, தொட்டாலே உதிரும் நிலையில் இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பிறகு ஏசுவடியான் அண்ணாச்சியை அழைத்துப் போனார்கள். அவர் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. மரத்தடியில் குனிந்து எல்லாத் துண்டையும் பொறுக்கினார். ஹாரன் கம்பியை மட்டும் ஒரு குரங்கு கிளையில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றது. தாம் தின்றுகொண்டிருந்த பழத்தில் பாதியைக் காட்டி அதை வாங்கிவந்தார். இப்போது எல்லாத் துண்டும் எங்கள் முற்றத்துப் பாயில் வண்டி வடிவத்தில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான் பெயர்ச்சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறேன். உம்மா அடுப்படிக்குப் போகும்போது முன்விளக்கு வழியாகப் போய் டைனமோ வழியாகத் திரும்புகிறார்கள்.

மாமா, இதில் விளையாட்டில்லாத பகுதி ஒன்று உண்டு. கடையம் ஜாஹிரா பீவி குடும்பம் ஆனி பிறந்ததும் இலஞ்சியில் வீடு பிடித்து நாற்பது நாள் தங்குவார்கள். தினமும் பெண்களை அருவிக்கு அழைத்துப் போய்வருவது வாப்பாவின் வண்டிதான். எங்கள் வருஷமே அந்த நாற்பது நாளில்தான் இருக்கிறது. இந்தத் தடவை அது தவறிப்போனால் வாப்பா மறுபடியும் கப்பலேறிப் பினாங்குக் கடை வேலைக்குப் போவதாக உம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லவில்லை, ஆனால் நான் அடுத்த அறையில் பூகோளம் படித்துக்கொண்டிருந்தேன். போன தடவை வாப்பா போனபோது நான் இரண்டாம் வகுப்பு. திரும்பி வந்தபோது ஆறாம் வகுப்பு. வந்து நின்றவர்கள் வாப்பா என்று உம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஜாஹிரா பீவி வீட்டுப் பெண்கள் கோஷா. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் பச்சைத் திரை தொங்கும். ஓட்டுகிறவரிடம் அவர்கள் நேரில் பேசுவதில்லை. அதற்காக வாப்பா மூன்று வருஷத்துக்கு முன்னால் பின்சீட்டில் ஒரு பொத்தானும், ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு மணியும் தாமே வைத்தார்கள். ஒரு தடவை அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு என்றால் போகலாம், மூன்று என்றால் மெதுவாக, நாலு என்றால் எண்ணெய்க் கிண்ணத்தை மறந்துவிட்டோம், திரும்பு. தென்காசியில் வேறெந்தக் காரிலும் இந்த வசதி இல்லை. குரங்கு சமாசாரம் கடையம்வரை எட்டி, நேற்று அந்த வீட்டு ஆள் வந்து, "மணியெல்லாம் சரியா இருக்கும்லா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்டதிலிருந்து வாப்பா சரியாகச் சாப்பிடவில்லை. செங்கோட்டைக்காரர் ஒருவர் வாடகைக்கு விடப் புதுக் கார் வாங்கியிருக்கிறார் என்பது வேறு.

ஆகையால் எந்தச் செட் என்பதை நாங்கள் மிகவும் யோசித்தோம். தாங்கள் முதல் நம்பரைச் சொல்லியிருந்தீர்கள். பழைய வண்டிக்குப் பழைய மாதிரியே பருத்தி நூல் பின்னியது, பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த வீட்டில் தறி போட்டிருக்கும் காஜா சாச்சாவிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து இழை எண்ணினார்கள், நகத்தால் கீறினார்கள், முகர்ந்தும் பார்த்தார்கள். "மெஷின் பின்னல்தான், ஆனா குத்தம் சொல்ல முடியாது. வேட்டி ஓரத்துக்குக்கூட இப்படி வராது" என்றார்கள். நான் மகிழ்ந்துபோய் எழுந்தேன். "ஆனா வாங்காதீங்க. இது சாரலைக் குடிக்கும். குத்தாலத்துல நாப்பது நாளும் நனைஞ்ச நூலு எங்க காயப்போவுது?" என்றார்கள். தம் தொழிலின் சரக்கையே வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும். சொன்னது சரியா என்று பார்க்கத் துண்டைச் செம்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் செம்பில் அரை விரற்கடை தண்ணீர் குறைந்திருந்தது. கொஞ்சம் பூனை குடித்திருக்கலாம்.

இரண்டாம் நம்பர் முழுவதும் கறுப்பு பிளாஸ்டிக். நுனியில் நம்பர் எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். ஏசுவடியான் அண்ணாச்சி எண்ணெய்க் கையால் ஒரு தரம் தடவினார். பதினேழாம் நம்பர் ஒன்றாம் நம்பர் ஆகிவிட்டது. மூன்றாம் நம்பர் நிறநிறமான பிளாஸ்டிக். புதுக் கார்களுக்கு என்று செய்தது, அதனால் எங்கள் வண்டியில் இல்லாத பொருளுக்கெல்லாம் கம்பி இருக்கிறது: ரேடியோ, மூடுபனி விளக்கு, ஹீட்டர். அண்ணாச்சி அதைக் கேட்டு, "ஏட்டி மெஹரு, ஹீட்டர்னா என்னது?" என்றார். வண்டிக்குள் குளிர்ந்தால் சூடு பண்ணும் கருவி என்றேன். "தென்காசியிலயா? பஸ் ஸ்டாண்டு வெயில்ல பத்து நிமிஷம் நிறுத்துனா போதுமே" என்றார். அதே பக்கத்தில்தான், மாமா, நான் அந்த வரியைப் பார்த்தேன். பின்னோக்கி ஓட்டும்போது எரிகிற விளக்குக்கு ஒரு பழுப்புக் கம்பி, பாட்டரிப் பக்கமிருந்து பின்சீட்டுக்குக் கீழே வரை போகிறது. எங்கள் வண்டியில் அந்த விளக்கு கிடையாது. அந்தக் கம்பியில் பொத்தானை வைத்து மணியை இணைக்கலாமா என்று கேட்டேன். அண்ணாச்சி சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையில் கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். பிறகு வாப்பாவைப் பார்த்து, "அண்ணாச்சி, இந்தப் புள்ளைய இஞ்சினீயருக்குப் படிக்க வையிங்க" என்று சொன்னார். அன்று ராத்திரி வாப்பாவின் தட்டிலிருந்து எனக்குக் கோழிக் கால் வந்தது.

எனவே தாங்கள் சனிக்கிழமை கடைக்குப் போகும்போது, மூன்றாம் நம்பரையே வாங்கும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன். நம்முடையது ஆறு வோல்ட் பாட்டரி, ஆகையால் கம்பி தடிமனாக இருக்க வேண்டும், பன்னிரண்டு வோல்ட்டுக்கானதைக் கொடுத்துவிடப் போகிறார்கள். பின்னால் போகும் பழுப்புக் கம்பி கட்டாயம் இருக்கிறதா என்று கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்கவும். கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டில் வாப்பா இருப்பது அந்த ஒரு கம்பியில்தான் இருக்கிறது.

தங்களுக்கும் மாமிக்கும் ஆயுளும் பரக்கத்தும் பெருக ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறோம். தாங்களும் எங்களை மறக்க வேண்டாம். வஸ்ஸலாம்.

தங்கள் அன்பு மருமகள்,
ப. மெஹர் பானு

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் ஜாஹிரா பீவியே குதிரை வண்டியில் வந்துவிட்டார்கள். உள்ளே உம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, அந்த மணி போன ஆனியிலேயே செத்துவிட்டது என்றார்கள். எவ்வளவோ பாடுபட்டு வைத்த மனுஷர் மனம் நோகுமே என்று வெளியே சொல்லாமல் தினமும் பொத்தானை அழுத்திக்கொண்டு இருந்தார்களாம். ஆள் அனுப்பிக் கேட்டதும் வாப்பாவின் மனம் குளிரத்தானாம். "மணி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அவரு நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்துதாரு. வேற வண்டியில நாங்க ஏறமாட்டோம்" என்று சொல்லி, ஆனி முதல் தேதிக்கு உறுதி செய்துவிட்டுப் போனார்கள். நான் ஓடிப்போய் வாப்பாவிடம் சொன்னேன். மணி செத்தது வாப்பாவுக்கும் தெரியுமாம். அந்த வீட்டாருக்குத் தெரிந்தால் செங்கோட்டைக் காருக்குப் போய்விடுவார்கள் என்று மறைத்தார்களாம். அப்படியானால் எப்படிச் சரியாக நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "பொத்தான அழுத்துனா மணி கேக்குதான்னு எல்லாரும் பேச்ச நிறுத்திருவாங்கல்லா. பேச்சு நின்னா நான் வண்டிய நிறுத்துவேன்" என்றார்கள். எத்தனை தடவை அழுத்தினார்கள் என்று எப்படித் தெரியும் என்றும் கேட்டேன். நிறுத்தினால் போதும், மற்றதைத் திரைக்குப் பின்னால் ஒருவருக்கொருவர் சத்தமாகவே சொல்லிக்கொள்வார்களாம். ஆகையால் மாமா, மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். எந்த நம்பரானாலும் சரி, அந்தப் பழுப்புக் கம்பி மட்டும் இல்லாததாகப் பார்த்து வாங்கும்படி வாப்பா சொல்கிறார்கள். மணி கேட்க ஆரம்பித்துவிட்டால் அந்தப் பெண்கள் பேச்சை நிறுத்தமாட்டார்களாம். இலஞ்சிக்கும் அருவிக்கும் நடுவில் வாப்பாவுக்குக் கிடைப்பது அந்த அரை நிமிஷ அமைதி ஒன்றுதானாம்.