அக்கா அனுப்பிய பூச்சி மாத்திரை

அன்புள்ள மல்-சுன் அக்காவுக்கு,

குன்சானிலிருந்து தம்பி தொக்-சூ வணங்கி எழுதுவது. இங்கே என் ஒரு சிறுநீரகம் நீங்கலாக அனைவரும் நலம். ஆந்தோங்கில் நீயும் உன் முழங்கால்களும் நலமா?

நீ அனுப்பிய கிம்ச்சி ஊறுகாய் வாளி வந்தது. காரம் கச்சிதம். வாளிக்கு அடியில், என் புற்றுநோய்க்கென்று நீ சுற்றி வைத்திருந்த மாத்திரையும் வந்தது. நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரை என்று தெரிந்தால் தம்பி மனம் கோணுவானே என்று அட்டையில் 'பூச்சி மாத்திரை' என்ற எழுத்தை விட்டுவிட்டு நாய்ப் படத்தை மட்டும் கிழித்துவிட்டாய் பார், அங்கேதான் வந்தது வினை. என் மனைவியைத்தான் உனக்குத் தெரியுமே. இலையுதிர் காலத்தில் கிம்ச்சி போட்ட கையோடு, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் பூச்சி மாத்திரை கொடுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். "உங்க அக்காவுக்கு என்ன அக்கறை, அதையும் சேத்து அனுப்பியிருக்காங்க" என்று மெச்சிக்கொண்டே தானும் விழுங்கி, மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுத்துவிட்டாள். எனக்கு மட்டும் இல்லை. "ஆஸ்பத்திரி மாத்திரையோட இதுவும் சேந்தா ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும்" என்றாள். எங்கள் வீட்டு நாய்க்கும் இல்லை, மனுஷ மாத்திரை நாய்க்கு ஆகாதாம்.

"சத்தம் காட்டாம முழுங்கிடுடா, யூடியூப்ல ஒருத்தர் பொழச்சிட்டாராம்" என்று நீ போனில் சொன்ன பிறகுதான் எனக்கே விஷயம் விளங்கியது. நான் வாய் திறந்ததும் மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. குடும்பத்தோடு என் டாக்டரம்மாவிடம் ஓடினோம். "யாரு சாப்பிட்டது?" என்று கேட்டார். நோயாளியைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். பாவம், சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என்னிடம், "ஆய்வுக்கூடத்துல, கண்ணாடித் தட்டுல வெச்ச புத்துநோய் செல்லு இந்த மாதிரி மருந்துல செத்திருக்கு, அது நெசம்தான் ஐயா. ஆனா மனுஷனோட சிறுநீரகப் புத்துநோய்க்குக் கேக்கும்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. நீங்க சாப்பிடறதோட சேந்தா கல்லீரல் கெட்டாலும் கெடும். ஒழுங்கா சோதிச்சு முடிக்கட்டும், நானே எழுதித் தரேன்" என்றார். மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கோளாறில்லை. மாப்பிள்ளை மட்டும் விடாமல், "பத்தியம் ஏதாவது உண்டா?" என்று கேட்க, "கொரைக்காம இருந்தா போதும் மாப்பிள்ளை" என்றாள் என் மனைவி.

மற்றபடி எனக்கு ஒரு குறையுமில்லை. காலையில் துறைமுகம் வரை நடை, வந்ததும் சுடச்சுட சோயாக் குழம்பு. காலமெல்லாம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவனுக்குப் பயம் ஏது? ஸ்கேன் முடிவு கேட்க நீ வர வேண்டாம். பஸ் மாறி மாறி வர உன் முழங்கால் தாங்காது. மாத்திரையும் இனி அனுப்பாதே. கோபமில்லை அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் நீ. தம்பியை விட்டுக்கொடுக்க மனம் வராமல்தான் நாய் மருந்துக்கடை வரை போயிருக்கிறாய்.

மாமாவுக்கு என் கும்பிடு. மூட்டு வலியில்லாத குளிர்காலம் உங்கள் இருவருக்கும் வாய்க்கட்டும்.

உன் தம்பி,
பே தொக்-சூ

பி.கு.: வர வேண்டாம் என்று எழுதியது வெறும் வீம்பு. வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறார்கள். இந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. வியாழனே கிளம்பி வந்துவிடு அக்கா. டாக்டரம்மா பேசும்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.