மூன்று விசிலுக்குள் ஒரு ஷூ

சோபனாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது வேலூர் ஆஸ்பத்திரியில். நான் கொண்டுபோன ரசத்தில் ஒரு ஸ்பூன் குடித்தாள். "உப்பு கம்மி," என்றாள். ஏழு வருடமாக எங்கள் வீட்டில் ரசம் வைத்தது நான். காரணம் ஒரு ஷூ.

ஆலங்காயத்தில் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைப்பார்கள். என் மனைவி சோபனாவும் தைத்தாள். இத்தனை ஜோடி முடிந்தது என்று தகவல் போனால், ஆம்பூரிலிருந்து ஷூ கம்பெனி ரஷீத் அஹமது பாய் வண்டி அனுப்புவார். அந்தத் தகவலுக்கு நான் ஒரு வெப் ஆப் செய்தேன்; திறக்கும்போதெல்லாம் நெட்டிலிருந்து இறங்கி வரும். வீடியோ பார்த்தே கற்றுக்கொண்ட மேதை நான்.

"சோபனாம்மா போன்ல ஓடட்டும். அப்புறம் முப்பது ஊருக்கும் உன் ஆப்புதான்," என்றார் பாய்.

ஆப்பின் முகப்பில் ஒரு ஷூ சுற்றும். லேஸ் நுனிகூடத் தெரியும். ஆம்பூரில் அருமையாகச் சுற்றியது. மலையடியில் இருக்கும் எங்கள் வீட்டில் சிக்னல் ஒரே ஒரு கோடு. எருமை குறுக்கே நின்றால் அதுவும் போய்விடும்.

"இன்னாங்க இது?"

"ஷூ வருதுடி."

"குதிகால் மட்டும் வந்து நிக்குது."

"பொறு, மெதுவா வரும்."

"நான் ஒரு ஜோடி தைச்சே முடிச்சிட்டேன். உங்க ஷூ இன்னும் குதிகாலைத் தாண்டல."

"அழகு வேணாமா?"

"நாள் பூரா ஷூ மூஞ்சியிலதான் முழிக்கிறேன். போன்லயும் அதேவா?"

ரோஷத்தில் பந்தயம் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, பாய் முன்னால், குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஆப் திறக்கும். திறக்காவிட்டால் ஆயுசுக்கும் சமையல் என்னுடையது.

ஷூவை எடுக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை, "உன் போனுக்குப் புதுக் கண்ணாடி ஒட்டிட்டு வர்றேன்," என்று வாங்கிக்கொண்டு வாணியம்பாடிக்கு பஸ் ஏறினேன். அங்கே சிக்னல் கொட்டுகிறது. முழு ஆப்பையும் இறக்கி, போனுக்குள்ளேயே உட்கார வைத்தேன். இனி நெட் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன!

ஞாயிறு. பாய் நாற்காலியில். பருப்பு குக்கரில். சோபனா போனைத் தொட்டாள். முதல் விசிலுக்கு முன்பே ஷூ முழுதாக வந்து ஜம்மென்று சுற்றியது.

"சபாஷ்!" என்றார் பாய். நான் மீசையைத் தடவினேன்.

"நல்லா சுத்துது பாய்," என்றாள் சோபனா. "மேல சிக்னல் எவ்ளோன்னு பாருங்க."

பாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஏரோப்ளேன் படம்தான் இருக்கு."

"காலையிலேயே நெட்டை அணைச்சிட்டேன். கண்ணாடி ஒட்டப் போன போன் பழைய கீறலோடயே திரும்பி வந்துச்சி."

"நெட்டே இல்லாம எப்டிய்யா திறந்துச்சி?" என்று பாய் என்னைப் பார்த்தார். வேர்த்து வழிய ஒப்புக்கொண்டேன்.

"திட்டாதீங்க பாய். நல்ல திருட்டுதான் பண்ணியிருக்காரு. பஞ்சாயத்துத் தண்ணி வர்றப்ப குடத்துல புடிச்சி வெக்கறோம் இல்ல? அந்த மாதிரி நெட் வர்றப்ப எல்லார் போன்லயும் ஆப்பைப் புடிச்சி வெக்கட்டும். ஜோடி எவ்ளோன்னு போன்லயே எழுதி வெக்கட்டும். கோடு வந்ததும் அது தானா போவட்டும். அந்த ஷூவை மட்டும் தூக்கச் சொல்லுங்க, பேஜாரு."

பாய் எழுந்து கை குலுக்கினார். அவளிடம்.

"அப்ப பந்தயம் எனக்குத்தான? மூணு விசிலுக்குள்ள திறந்துச்சே!" என்றேன்.

அவள் ஆப்பை அழித்தாள். நெட்டைப் போட்டாள். போனை என் கையில் கொடுத்தாள். "இப்ப திறங்க."

பதினெட்டாவது விசிலில் குதிகால் வந்தது. குக்கரைத் திறந்தோம். பருப்பு கரைந்து தண்ணீராகியிருந்தது.

"ரசம் வைங்க," என்றாள்.

ஷூ இல்லாத அந்த ஆப் இன்று முப்பது ஊரிலும் ஓடுகிறது. சோபனாவின் போனில் இப்போது சிம் இல்லை. ஆப் திறக்கிறது. முப்பத்திரண்டு ஜோடி தயார், கோடு வந்ததும் போகும் என்று காட்டுகிறது.