பெருமாள் எட்டிப் பார்த்த பக்கம்

உத்திரமேரூர்,
20-5-79

அன்புத் தம்பி வேதகிரிக்கு அக்கா ஞானசுந்தரி எழுதுவது. பெருமாள் கிருபையில் உன் மாமாவின் இடுப்பைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். தாமலில் நீயும் கனகாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் எழுதுவது மாமாவுக்குத் தெரியாது. கருட சேவையில் வாகனத்தின் முன்தண்டுக்கு இடப்பக்கம் தோள் கொடுப்பது எங்கள் வீட்டு முறை என்று உனக்குத் தெரியும். போன வருஷம் வீதி முழுக்கப் பெருமாள் இடப்பக்கமே சாய்ந்து வந்தார். தர்மகர்த்தா, "இன்னாய்யா வேதாசலம், சாமி உன் வூட்டையே எட்டி எட்டிப் பாக்குறாரு?" என்று கேட்டதும், மாமா தன் சிநேகிதர், வலப்பக்கத் தண்டுக்காரர் தாண்டவராயன் மேல் பாய்ந்தார். "நான் நேராத்தான் கீறேன், இவன்தான் எகிறிக்கினு வரான்!" இந்த வருஷமும் சாய்ந்தால் முறை வேறு வீட்டுக்குப் போய்விடுமாம்.

காஞ்சிபுரத்து டாக்டர் மாமாவைக் கண்ணை மூடிக் குனிந்து நிமிரச் சொன்னார். மாமா பாதியிலேயே, இடப்பக்கம் கோணிக்கொண்டு நின்று, "ஆச்சு சார், நிமிந்துட்டேன்" என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் சிலருக்கு உடம்பு எப்படி நிற்கிறது என்பது உடம்புக்கே சரியாகத் தெரியாமல் போகுமாம். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அதுதான் நேர், பழக்கினால் சரியாகலாம் என்றார் டாக்டர். சரியென்று கொத்தனாரிடம் தூக்குக் குண்டை இரவல் வாங்கி வாசல் நிலையில் தொங்கவிட்டு, கயிற்றுக்கு நேராக மாமாவைப் பிடித்து நிறுத்தினால், "தள்ளாதடி, வுழப் போறேன்!" என்று ஒரே கூச்சல்.

"வுழலீங்க, இப்பத்தான் நேரா கீறீங்க."

"இது நேரா? அப்போ கயிறுதான் கோணல்!"

கொத்தனார் வந்து பார்த்து, "அண்ணே, குண்டு கோணுச்சின்னா பூமியே கோணிக்கிச்சின்னு அர்த்தம்" என்றார். கோணியிருக்கும் என்கிறார் உன் மாமா!

தினமும் விளக்கேற்றியதும் நிறுத்திப் பழக்குகிறேன். இப்போது நேராகத்தான் நிற்கிறார், ஆனால் முகம் மட்டும் கிணற்றில் விழப்போகிறவர் முகம். அந்த முகத்தை நம்பிப் பெருமாளை ஏற்ற எனக்குத் தைரியமில்லை. மச்சான் தோள் கொடுத்தாலும் முறை எங்களுக்கே நிற்கும் என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார். நீ கருட சேவைக்கு முந்தின நாளே வந்துவிடு. மாமாவின் கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கனகாவுக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்குப் பெருமாள் துளசியும் என் ஆசியும்.

உன் அக்கா,
ஞானசுந்தரி

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடு. தபாலில் போடுவதற்குள் வெறும் வாகனத்தைத் தூக்கி ஒத்திகை பார்த்தார்கள். உன் மாமா கயிறு மாதிரி நின்றார். வாகனம் வலப்பக்கம் சாய்ந்தது! பாவம் தாண்டவராயன், சிநேகிதனுக்கு முறை போய்விடக் கூடாதே என்று, மாமாவின் கோணலுக்கு ஈடாக ஒரு வருஷமாக இடுப்பை வலப்பக்கம் ஒடித்து நடந்து பழகியிருக்கிறார். "நேரா நில்லுடா" என்று மாமா சொன்னால், "நேராத்தான்டா கீறேன்" என்கிறார். தூக்குக் குண்டு இப்போது அவர் வாசலில். மாமா பிடித்து நிறுத்த, அவர் "வுழப் போறேன்" என்று கத்துவது இங்கே வரை கேட்கிறது. ஆகவே நீ அவசியம் வா, வலப்பக்கத் தண்டுக்கு.